ஒரு சொட்டும் விழாத அட்டை

காலை ஏழேமுக்காலுக்குக் கார் நாற்சந்தி சிக்னலில் நின்றதும் அவள் மூக்கைச் சுளித்தாள். "என்னங்க, ஆயில் கருகுற வாசனை வருது" என்றாள். ஸ்டியரிங்கில் இருந்த அவள் கணவர், கணக்கு வாத்தியார், பக்கத்தில் நின்ற லாரியைக் கைகாட்டினார். அதன் புகைதான் என்றார். விளக்கு பச்சையானது, கார் நகர்ந்தது, வாசனையும் போய்விட்டது. அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

மறுநாள் அதே சிக்னலில் லாரி இல்லை. வாசனை இருந்தது.

வாத்தியாரின் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை. பதினான்கு வருஷ அனுபவம். ஒரு படுக்கை விரிப்பு பழுப்பேறுவதற்கு முன்பே, மூன்று மேஜை தள்ளி நின்றுகொண்டு, "யாரு அது, பெட்டியைத் தூக்குங்க" என்று குரல் கொடுத்துவிடுவாள். அங்கே அவள் சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. முதலில் பெட்டியைத் தூக்குவார்கள், பிறகுதான் துணியைப் பார்ப்பார்கள். அந்த மரியாதை சலவைக்கூடத்து வாசலோடு சரி. காருக்குள் அவளுக்கு அது கிடைக்கவில்லை.

காருக்கு வயது பதினேழு. அவளுடைய அப்பா வாங்கி ஓட்டியது. பார்வை மங்கியதும் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மகள் வீட்டு முன்னறையில் வந்து தங்கிவிட்டார் பெரியவர். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆகவே ஆகாத வீடுகள் எத்தனையோ உண்டு. இங்கே இருவரும் நகமும் சதையும் மாதிரி. ஒரே செய்தித்தாளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். அவளைக் கேலி செய்வதிலும் இருவரும் ஒரே கட்சிதான்.

அவள் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் கவனித்தாள். வண்டியைக் கிளப்பியதும் வாசனை வருவதில்லை. கால்மணி நேரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் வருகிறது. அப்போதும் ஓடும்போது இல்லை, எங்கேயாவது நின்றால்தான். இதையெல்லாம் அவள் பொறுமையாகச் சொன்னபோது வாத்தியார் சிரித்தார்.

"ஓடும்போதுதானே எஞ்சினுக்கு வேலை அதிகம்? அப்ப வராத வாசனை நின்னா எப்படி வரும்?"

கேள்வி நல்ல கேள்விதான். பதிலைத் தேடியிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். அவர் தேடவில்லை. கேள்வியைக் கேட்டதிலேயே தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அவள் விடாமல் சொன்னதால் ஒரு சனிக்கிழமை காரைப் பட்டறையில் விட்டார்கள். மெக்கானிக்குக் கூப்பிடு பெயர் ஸ்பானர். கைராசிக்காரர் என்று ஊரில் பெயர். காலையில் விட்ட வண்டியின் முன்மூடியை, மதியத்துக்கு மேல் இவர்கள் திரும்ப வந்த பிறகுதான் திறந்து, குனிந்து, முகர்ந்து பார்த்தார். எஞ்சின் அதற்குள் குளிர்ந்து போயிருந்தது. வாசனை எப்படி வரும்? கால்மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, அப்புறம் பாருங்கள் என்று அவள் சொன்னாள். ஸ்பானர் அவளுக்குப் பதில் சொல்லாமல் வாத்தியாரைப் பார்த்தார்.

"மேடமுக்கு மூக்கு ரொம்ப ஷார்ப்பு சார். பேசாம நம்ம பட்டறைக்கே வேலைக்கு அனுப்பிடுங்க."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பேங்க் மேனேஜர் தன் காரோடு வந்து, ஏதோ கருகுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஸ்பானர் கையைத் துடைத்துக்கொண்டு, உடனே அந்தக் காரில் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

கிளம்பும்போது ஸ்பானர் ஒரு பெரிய வெள்ளை அட்டையைக் கொடுத்தார். ராத்திரி முழுக்க எஞ்சினுக்கு அடியில் விரித்துவைத்தால், கசிவு இருக்கிறதா இல்லையா என்று காலையில் தெரிந்துவிடும் என்றார். காலையில் வாத்தியார் அட்டையை உருவி எடுத்து, பரீட்சைத் தாளைக் காட்டுவதுபோல அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாரு. ஒரு சொட்டு இல்ல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"கீழ சொட்டலைன்னா கசியலைன்னு அர்த்தமாங்க? எனக்கு வாசனை வருதே" என்றாள் அவள்.

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "விடும்மா. மாப்பிள்ளை பாத்துக்குவாரு. வண்டி விஷயம் உனக்கெதுக்கு?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வாத்தியார் எலுமிச்சை வாசனைப் பாட்டில் ஒன்றை வாங்கி, காற்று வருகிற துவாரத்தில் மாட்டினார். அவள் ஜன்னலை இறக்கிவிட்டு, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். அட்டை கார் ஷெட்டின் சுவரில் சாய்ந்து நின்றது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றாள். அது வருவதற்குள் நாமே போய்ச் சேர்ந்துவிடலாம், கார் வாசலில்தானே நிற்கிறது என்றார் வாத்தியார். மாமனாரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின் சீட்டில் மகள் மடியில் படுக்கவைத்தார். அவர் மனதில் அப்போது பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேம்பாலத்துக்கு முந்தைய சிக்னலில் கார் நின்றது. பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"கருகுதேம்மா" என்றார் மெதுவாக. "நீ சொன்னது சரிதான்."

அவள் அப்பாவின் நெற்றியைத் துடைத்தபடி, "பேசாம இருங்கப்பா" என்றாள்.

மேம்பாலத்தில் ஏறும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தது. வாத்தியார் பார்த்தார். இந்த நிலையில் எப்படி நிறுத்துவது என்று இன்னும் வேகமாக மிதித்தார். எஞ்சினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம், பிறகு ஒரு உதறல், பாலத்தின் உச்சியில் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஞ்சின் அசையவில்லை. பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. அதற்குப் பிறகு கூப்பிட்ட ஆம்புலன்ஸ், அந்த நெரிசலில் சிக்கி, பாலத்தின் உச்சிக்கு வந்துசேர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. வழியை அடைத்துக்கொண்டு நின்றதே இவர்களுடைய கார்தான்.

அரை மணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அவள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் பக்கம் திரும்பவில்லை.

உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு வாத்தியார் பட்டறைக்குப் போனார். ஸ்பானர் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தார். மூடிக்கு அடியில் சுற்றிவர ஒரு ரப்பர் கேஸ்கெட். மென்மையாக இருக்க வேண்டியது, விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கு நேர் கீழே, புகை வெளியேறுகிற இரும்புக் குழாயின் மேல், எண்ணெய் எரிந்து எரிந்து கறுப்பாகப் படிந்திருந்தது.

"எஞ்சின் சூடானா ஆயில் இளகி இந்த வழியா கசிஞ்சிருக்கு சார். வண்டி ஓடும்போது காத்து புகையைக் கீழ இழுத்துட்டுப் போயிடும். நின்னாத்தான் உள்ள வரும்."

"அப்ப அந்த அட்டை?"

"சொட்டு தரைக்கு வந்தாத்தானே சார் அட்டையில விழும்? சூட்டுக் குழாய் மேலயே விழுந்து எரிஞ்சிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஆயில் தீந்து எஞ்சின் இறுகிப்போச்சு." ஸ்பானர் தலையைக் குனிந்துகொண்டார். "சின்ன ரப்பர் சார். ஒரு மணி நேர வேலை. மேடம் சொன்னபடி ஓட்டிப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். சொன்னது மேடம்னு அலட்சியமா விட்டுட்டேன். நீங்க சொல்லியிருந்தா ஓட்டிப் பாத்திருப்பேன்."

"நான் சொல்லியிருக்கணும். உன்கூடச் சேந்து சிரிச்சேன்" என்றார் வாத்தியார்.

வீட்டில் அவள் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பானர் சொன்னதையெல்லாம் வாத்தியார் ஒன்றுவிடாமல் சொன்னார். கோபித்துக்கொள்வாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். "ம்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த ஒரு மாதம் கேட்டதற்குப் பதில், வைத்த இடத்தில் சாப்பாடு என்று வீடு நடந்தது. ஷெட்டில் இருந்த அட்டையைத் தூக்கி எறிய இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் அதை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஒரு நாள் காலை அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, அவள் முன்னறை வாசலில் வந்து நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது முகத்தில் தெரிந்தது.

"அந்த ஸ்விட்ச் போர்டுகிட்ட ஏதோ கருகுற மாதிரி இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மெயினை அணைத்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராக முகர்ந்தும் தொட்டும் பார்த்தார். அவளையும் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார். இருபது நிமிஷம் பார்த்தும் எங்கேயும் கருகல் இல்லை. திருகுகளை முடுக்கிவிட்டு இறங்கினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"எனக்குத்தான் தப்பா தோணியிருக்கும்."

"தோணட்டும். தப்பா இருந்தாலும் பரவாயில்ல. சொல்லு, நான் வந்து பாக்கிறேன்."

அவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அன்னைக்கும் நான் கேட்டது இவ்வளவுதாங்க. நான் சொல்றது சரின்னு ஒத்துக்கச் சொல்லல. பொம்பளைக்கு என்ன தெரியும்னு சிரிக்காம, ஒரு தடவை பாருங்கன்னுதான் சொன்னேன். அப்பா இருந்திருப்பாரு."

அவர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.