தெருவைத் தாண்டாத உரிமம்

என் தங்கை வெர்னெலின் தலைமுடியை முப்பது ஆண்டுகளாக ஒலீட்டா ஒருத்திதான் தொட்டாள். சவப்பெட்டியில் கிடத்தும்போதும் அவளே சீவிவிட வேண்டும் என்பது தங்கையின் கடைசி விருப்பம். ஆனால் உடல் இருந்த ஈமச்சடங்கு நிலையம் கான்சஸில். ஒலீட்டாவின் பார்லர் அதே தெருவின் எதிர்ப்பக்கம், மிசௌரியில்; தெருவின் நடுவேதான் மாநில எல்லை. அவளுடைய முடி அலங்கார உரிமம் அந்தத் தெருவைத் தாண்டினால் செல்லாது.

நிலையத்தை நடத்தும் கிரென்ஷா என்னைத் தனியே அழைத்தார். “பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெக்கிறேன் ஐயா. அந்தம்மா வந்து செஞ்சிட்டுப் போகட்டும். நான் எதையும் பாக்கலை.”

“எங்க வீட்டுல யாரும் பக்கவாட்டுக் கதவு வழியா நுழைஞ்சதில்லை. இங்க லைசென்ஸ் உள்ளவங்களே செய்யட்டும்.”

நிலையத்துப் பெண்ணே செய்தாள். மறுநாள் காலை பெட்டியைப் பார்த்த தங்கை மகள் ஷரீஸ் பின்வாங்கினாள்.

“யாரு மாமா இது? எங்கம்மா நெத்தியில ஒரு முடி விழ விட்டதுண்டா?”

நானும் பார்த்தேன். அது வெர்னெலே இல்லை. மாலையில் சர்ச் சபையே பார்க்க வரும்.

ஷரீஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, “வண்டியை எடுங்க,” என்றேன் கிரென்ஷாவிடம். “எதிர்ப்பக்கம் போகணும்.”

“சவத்தைப் பார்லருக்கா?”

“என் தங்கையை. முன்வாசல் வழியா.”

பெட்டி உள்ளே வந்ததும் பார்லரில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். தலை நிறையச் சுருள் உருளைகளோடு நின்ற ஒருத்தி, “சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறா பாரு, எப்பவும் போல,” என்று சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

ஒலீட்டா முடியைப் பிரித்தாள். கை நின்றது.

“வலது காதோரம் அந்தப் பொண்ணு வெச்ச சூட்டுக் கம்பியில கருகியிருக்கு அண்ணே. சீப்பு பட்டாலே கையோட வருது. நேத்தே என்னை விட்டிருந்தா...”

“முடியுமா, முடியாதா?”

“முடிஞ்சதைச் செய்யறேன். அந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க. இப்பத் தலையைப் பிடிங்க.”

பிடித்தேன்.

மாலையில் நிலையத்தில் பெட்டியின் வலப்பக்கம் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நானே நின்றேன். வந்தவர்கள் இடப்பக்கமாகவே போனார்கள். “வெர்னெல் தூங்குற மாதிரியே இருக்கா,” என்றார்கள். ஷரீஸ் மட்டும் நேராக என்னிடம் வந்தாள்.

“கொஞ்சம் நகருங்க மாமா. அம்மாவுக்கு முத்தம் கொடுக்கணும்.”

“அந்தப் பக்கமா வாம்மா,” என்றேன்.

“ஏன்?”

நான் நகரவில்லை.