கல்லுக்குக் கட்டிய தொட்டில்

காணும் பொங்கலன்று செத்த காலேஜைப் பார்க்காவிட்டால் சேக்காட்டுக்காரர்களுக்குச் சோறு இறங்காது. உயிருள்ள மிருகங்கள் இருந்த தோட்டம் உயிர் காலேஜ். எலும்பும் சிலையும் இருந்த இந்தப் பட்டணத்து மியூசியம் செத்த காலேஜ். பெயர் வைப்பதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்து ஆவடியில் பட்டாளக் கூடாரங்கள் முளைப்பதற்கு முந்தின வருஷமும் புளிச்சோற்று மூட்டையோடு ரயிலேறி வந்திருந்தார்கள்.

கன்னியம்மாவுக்கு மட்டும் அந்தச் சோறு தொண்டையில் நின்றது. இருபது வயது, கல்யாணமாகி நாலு வருஷம், வயிறு திறக்கவில்லை. மாசி பிறந்ததும் மகன் கோவிந்தனுக்கு நெமிலிச்சேரிப் பெண்ணைக் கட்டிவைப்பதாக மாமியார் பொன்னியம்மா சொல்லிவிட்டாள். கோவிந்தன் மறுக்கவில்லை. நல்லவன்தான், அம்மாவுக்கு எதிரே மட்டும் வாய் திறக்காது.

கூட வந்த இளவட்டங்கள் திமிங்கல எலும்பைப் பார்த்து வாய் பிளந்தார்கள். துணியில்லாத சிலைகளைக் கண்டதும் ஒருவனை ஒருவன் இடித்துச் சிரித்தார்கள். கன்னியம்மா தாழ்வாரக் கோடியில் ஒரு சிலைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

பெரிய வயிறும் சரிந்த மார்புமாக, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. ஒரு பக்கம் பையன், மறுபக்கம் பெண். பையனுக்கு மாட்டு முகம். பெற்றவளுக்கு எந்த முகமானால் என்ன? தலையருகே ஒரு காக்கை, பக்கத்தில் துடைப்பம். மற்ற சாமிகள் நகையும் நெளிவுமாக நிற்க, இவள் மட்டும் வீட்டுவேலை முடித்து அப்பாடா என்று உட்கார்ந்தவள் போல இருந்தாள். இவளிடம் கேட்கலாம், இவளுக்குப் புரியும் என்று கன்னியம்மாவுக்குத் தோன்றியது.

முந்தானையில் ஒரு துண்டு கிழித்தாள். வாசலில் கிடந்த கூழாங்கல் ஒன்றைப் பிள்ளையாக அதில் கிடத்தி, சிலையின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருந்த சந்தில் தொட்டில் கட்டினாள். ஏரிக்கரை வேப்பமரத்தில் பெண்கள் வேண்டிக்கொண்டு கட்டுவது போலத்தான். கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

“இன்னாமே பண்றே? மூதேவிக்குப் போயா தொட்டில் கட்டுறே?” காவல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்புக் கேட்டுக் கூட்டம் சேர்ந்தது. பொன்னியம்மா அதைப் பிளந்துகொண்டு வந்தாள்.

“நல்ல நாளும் அதுவுமா மூதேவிகிட்டயாடி புள்ள கேட்டே? அவள எங்க ஊட்டுக்கு இட்டாரப் பாத்தியா?”

“தெரியாம கட்டிட்டேன் அத்தே. ரெண்டு பக்கமும் புள்ளைங்கள வெச்சுகினு கீறாங்களேன்னு...”

“பேசாத! மாசி வரைக்கும் இன்னாத்துக்கு? இன்னியோட ஆச்சு. மண்ணூர்பேட்டைக்கு உன் அண்ணன் ஊட்டுக்கே போ. என் வாசப்படிய மிதிக்காத.”

மூதேவியைக் கும்பிட்டவள் நுழைந்த வீட்டில் நெல் தங்குமா என்று ஊர்க்காரர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்கென்ன, ஆட்டிவிட்டுப் போகிற தலை.

கன்னியம்மா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, நீ ஒரு வார்த்த சொல்லு. ஊரே காறித் துப்புற மூதேவிக்கே ரெண்டு புள்ள கீது. எனுக்கு ஒண்ணு கூடாதா? நான் இன்னா பாவம் பண்ணேன்?”

“அம்மா சொல்றாங்கல்ல...” கோவிந்தன் கையை உருவிக்கொண்டான். பிறகு மறக்காமல் புளிச்சோற்று மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

எல்லோரும் ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

காவல்காரருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவளைப் பார்க்காமலே தொட்டிலை அவிழ்த்தார். கூழாங்கல் தரையில் விழுந்து உருண்டது. துணியை மட்டும் அவளிடம் நீட்டினார்.

“தோ, எடுத்துகினு அண்ணன் ஊடு போய்ச் சேரும்மா.”

அவள் குனிந்து கல்லைத் தேடினாள்.

“வெறுங்கல்லு. அது எதுக்கும்மா?”

“கீய வுழுந்துடுச்சே நைனா” என்று சொல்லி, கல்லின் தூசியைத் துடைத்து, மறுபடி துணிக்குள் கிடத்தினாள் கன்னியம்மா.