பீரங்கி முளைத்த வண்டி

சிவகாசியில் பொன்னுத்தங்கத்தின் அச்சகத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்தான் கோட்டைச்சாமி. கையில் 2005ஆம் வருசக் காலண்டரின் ஆகஸ்ட் மாத மாதிரித் தாள். பன்னிரண்டு மாதத்துக்கும் ராணுவப் படமாகப் போட்டு ஆர்டர் பிடித்திருந்தார் பொன்னுத்தங்கம். 2004இல்தான் பட்டாளத்தை விட்டு வந்திருந்த கோட்டைச்சாமியிடமும் ஒரு படம் கேட்டு வாங்கியிருந்தார்.

அவன் ஒன்பது வருசம் ஓட்டிய ரெக்கவரி வண்டியின் படம் அது. டாங்கியைப் போலவே கனத்த இரும்புக் கவசம், சங்கிலிச் சக்கரம். பீரங்கி மட்டும் கிடையாது, வடம் சுற்றி இழுக்கும் வின்ச்சும் கிரேனும்தான். சேற்றில் புதைந்த டாங்கியையும் அடிபட்டு நின்ற டாங்கியையும் இழுத்துவருவது அதன் வேலை. படத்தில் வண்டியின் மேல் கூட்டாளி கருப்பணன் உட்கார்ந்திருப்பான்.

மாதிரித் தாளில் கருப்பணன் இல்லை. அவன் இருந்த இடத்தில் நீளமாக ஒரு பீரங்கி.

கம்ப்யூட்டரில் படம் ஒட்டும் தவுபிக், முதலாளி சொன்னதைத்தான் செய்ததாக முனகினான். பொன்னுத்தங்கம் சிரித்தபடி நாற்காலியைக் காட்டினார். பீரங்கிக் குழாய் இல்லாவிட்டால் கிரேன் என்றுதான் நினைப்பார்கள், எவனும் சுவரில் மாட்டமாட்டான் என்றார்.

கோட்டைச்சாமி உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ராஜஸ்தான்ல ஒரு டாங்கி கால்வாய்ச் சேத்துல எறங்கிப்போச்சு. உள்ள மூணு பேரு, தண்ணி ஏறுது. படத்துல இருந்த கருப்பணன்தான் முங்கி கம்பிவடத்த மாட்டுனான். நான் இழுத்தேன். மூணு பேரும் பொழச்சுட்டாக. வடம் அந்து இவன் நெஞ்சுல அடிச்சுருச்சு, அங்கனயே போயிட்டான். எங்க வண்டி ஒருத்தனையும் சுட்டதில்ல. இவன அழிச்சுட்டு அதுல பீரங்கிய வைக்கீகளே, ஒங்களுக்குக் கை கூசலையா?"

பொன்னுத்தங்கத்தின் சிரிப்பு நின்றது. அது யாரென்று தனக்குத் தெரியாது, அந்தத் தாளை எடுத்துவிடுகிறேன் என்றார். கோட்டைச்சாமி தன் படத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினான்.

மார்கழியில் அச்சக ஆள் பத்துக் காலண்டர்களை இருக்கன்குடிக்கு, அவன் வீட்டுக்கே கொண்டுவந்தான். அன்பளிப்பாம். கோட்டைச்சாமி ஆகஸ்டைப் புரட்டினான். பளபளவென்று ஒரு டாங்கி, நிஜப் பீரங்கியோடு. தாளை எடுத்துவிடுகிறேன் என்றால் இதுதான் அர்த்தமா? கம்ப்யூட்டரில் அவன் படம் இருந்தும், அதில் உள்ளபடியே கருப்பணனோடு அந்த வண்டியைப் போட அவர்களுக்கு மனசு வரவில்லை.

பத்தையும் சுருட்டி, வந்தவன் கையிலேயே திணித்தான்.

"இத மொதலாளிகிட்டயே குடுத்துரு. நான் ஒண்ணுகூட வச்சுக்கிடலைன்னு சொல்லு."