சீனித் தண்ணீரும் பாஸ் வரிசையும்

அதிகநேரம் நின்றால் மக்டலீனுக்குத் தலைசுற்றும். சங்கக்கடை வரிசையில் ஒருமுறை, பெரிய வெள்ளியன்று கோயிலில் திருப்பாடுகள் வாசிக்கையில் ஒருமுறை விழுந்தெழும்பியவள். குருநகர் முழுக்கத் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்டவள் நாளை, வியாழக்கிழமை, ஊரைவிட்டு வெளிக்கிட இயக்கம் கொடுக்கும் அனுமதிச் சீட்டுக்காக, வெயிலில் ஐந்தாறு மணித்தியாலம் பாஸ் வரிசையில் நிற்கவேண்டும். சனிக்கிழமை அவளுடைய மகள் கொழும்பிலிருந்து கனடாவுக்குக் கலியாணம் கட்டப் பிளேன் ஏறுகிறாள். நாளைக்கே பாஸ் கிடைத்தால்தான் கிளாலிக் கடல் தாண்டிப் போய் அவளைக் கட்டிப்பிடித்து அனுப்பலாம். இல்லாவிட்டால் இனி எந்தக் காலத்தில் பார்ப்பதோ!

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் யோசப்பின். புருஷனின் தமக்கை, ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை செய்தவள். கடல்தொழில் செய்யும் அவளுடைய மகன் சிமியோன்தான் மக்டலீனின் பெட்டைக்கு முறை மாப்பிள்ளை. “மீன் நாறுற வீட்டுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன்” என்றுவிட்டாள் மக்டலீன். அவளுடைய புருஷன் மட்டும் கடலில் பூப்பறித்துக்கொண்டிருந்தானாக்கும்! அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் யோசப்பின் தானாகவே வேலிக்கு வந்தாள்.

“நாளைக்குச் சீனித் தண்ணி குடிச்சிட்டுப் போய் நில்லாதை. சீனி போனால் இரத்தம் குடலுக்கு ஓடும், பிரஷர் இறங்கும், விழுவாய். பச்சைத் தண்ணி ரண்டு பேணி குடி. அது பிரஷரைப் பிடிச்சு வைச்சிருக்கும்.”

“மச்சாளுக்கு என்னிலை திடீரெண்டு என்ன பட்சம்?”

“சொல்லுறதைச் சொல்லிப்போட்டன்.”

மக்டலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொருளாதாரத் தடை வந்த நாளிலிருந்து சீனியைக் கண்ணால் காண்பதே அரிது. ஊரே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கிறது. நிவாரணத்தில் கிடைத்த சீனியை அவள் தொடாமல் ஒளித்து வைத்திருப்பது இவளுக்குத் தெரிந்துவிட்டது! ஒன்றில் சீனியில் கண், இல்லாவிட்டால் மக்டலீன் தெம்பாய் நின்று பாஸ் எடுத்துவிடுவாளே என்ற எரிச்சல். மயங்கி விழுந்தவருக்கு ஊர் உலகமெல்லாம் சீனித் தண்ணீர்தானே பருக்குகிறது?

விடிந்ததும் இருந்த சீனி முழுவதையும் கொட்டி, தேசிக்காய் பிழிந்து, பாணி போலத் தித்திக்கக் கரைத்து மூன்று பேணி குடித்துவிட்டுப் போனாள்.

வரிசையில் இடத்தை விட்டவர் கடைசிக்குப் போகவேண்டும். நிற்கிற சனமே போட்ட சட்டம். ஆகவே இரக்கம் கிடையாது. முதல் ஒரு மணித்தியாலம் நன்றாகத்தான் நின்றாள். பிறகு காது அடைத்தது, கால் யாருடையதோ போல் ஆனது. முன்னால் ஏழு பேர் இருக்கையில் விழுந்தாள்.

கண் விழித்தபோது வேப்பமரத்தடியில் கிடந்தாள். அவளுடைய இடம் போய், அன்றைய பாஸும் முடிந்து, கந்தோர் யன்னலைச் சாத்திவிட்டார்கள். இனி நாளைக்காம். நாளைக்கு எடுத்து என்ன, கொழும்புக்குப் போய்ச் சேரவே இரண்டு நாள். பக்கத்தில் யோசப்பின் நின்றாள், யாரோ சொல்லக் கேட்டு வந்தவள்.

“எத்தினை பேணி குடிச்சனி?”

“மூண்டு.”

யோசப்பின் சிரித்தாள்.

“சந்தோஷமோ? பட்சமாய் வந்து சொன்னது இதுக்குத்தானோ?”

“நான் சொன்னதிலை ஒரு சொல்லுப் பொய்யில்லை. ஆனால் நான் சொன்னால் நீ அதுக்கு மாறாய்த்தான் செய்வாய் எண்டு எனக்குத் தெரியும். என்ரை பிள்ளையை வேண்டாமெண்டனி. உன்ரை பிள்ளை உன்னைக் காணாமலே போகட்டும்.”

அவள் போய்விட்டாள். பொய் சொல்லி விழுத்தியிருந்தால் மண்ணள்ளித் தூற்றலாம், சுவாமியாரிடம் முறையிடலாம். உண்மையைச் சொன்னவளை என்னவென்று திட்டுவது? மக்டலீன் மண்ணில் குந்தியிருந்து, மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.