நாற்பத்தொரு பெயர்கள்

உங்கள் போனிலுள்ள பெயர்களையும் எண்களையும் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டு திரை நின்றது. நிரோஜினி பெருவிரலைத் திரைக்கு மேலே பிடித்தபடி இருந்தாள். நான்கு மணிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

"பேர் குடுத்தால் தேஞ்சு போகுமோ மச்சாள்?" முற்றத்தில் அவள் பக்கத்தில் குந்தியிருந்த ஜெசிதா கேட்டாள். கட்டாரில் வேலை செய்யும் கணவன் ஜெரிசனின் தங்கை. புதுச் செயலியை இறக்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

"என்ரை பேரெண்டால் பறவாயில்லை. போனிலை கிடக்கிற எல்லாற்ரை பேரையும் கேக்குது."

"கேட்டு? குருநகரிலை நண்டு என்ன விலையெண்டு களவாய்ப் பாக்கப் போறாங்களோ?"

ஜெசிதா எழுந்து சட்டையைத் தட்டினாள். "பைப்பிலை தண்ணி வந்திட்டுது, நான் போறன். ஆனால் ஒண்டு சொல்லுறன். நீங்கள் தன்னை விரும்பேல்லை எண்டு அண்ணை நினைக்கிறார். என்னட்டை வாய்விட்டுச் சொன்னவர்."

கட்டாரில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க முடியாது. குரலைப் பதிந்து அனுப்பலாம், அவ்வளவுதான். அவனோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இந்தப் புதுச் செயலிக்கு மாறிவிட்டார்கள். காலையில் அவன் அனுப்பியதை மறுபடி போட்டுக் கேட்டாள்.

"நிரோ, நான் வந்து ஒண்டரை வரியமாச்சு. நீ கதைக்கேக்கை உன்ரை முகம் எப்பிடிப் போகும் எண்டது மறந்து போச்சு. இண்டைக்கு நாலு மணிக்குப் பாத்துக்கொண்டிருப்பன். வராட்டி, இனிக் கேக்க மாட்டன்."

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினைந்து வயதில் இதே முற்றத்தில் வைத்துத்தான் ஆமிக்காரர் அவளிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் வயதையும் எழுத வேண்டுமாம். வீட்டில் வடிவான கையெழுத்து அவளுடையது. அம்மா பேனையை அவளிடம் கொடுத்தாள். அண்ணன் கொலின்ஸ் அந்த நேரம் கடலில் நின்றான். அவனை எழுதாமல் விட்டிருக்கலாம். பொய் எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்ல வேண்டி வருமே என்று பயந்தாள். எழுத்துப் பிசகாமல் எழுதினாள்: கொலின்ஸ், வயது இருபத்திரண்டு.

மூன்று கிழமை கழித்து வந்தவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பெயரை வாசித்தார்கள். அண்ணன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு, "ஓம், நான்தான்" என்று எழுந்து அவர்களோடு போனான். பிறகு திரும்பி வரவேயில்லை.

அம்மா சாகும்வரை அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. கொலின்ஸைக் கொண்டுபோனது ஜெரிசனுக்குத் தெரியும். பெயரை எழுதியது யார் என்பது தெரியாது. கலியாணத்தன்று கோயில் பதிவேட்டில் ஒப்பமிடும்போது அவள் பேனையை எடுக்கத் தயங்கியதை வெட்கம் என்று நினைத்து அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு சொல்வதற்கு நேரமும் வரவில்லை.

மூன்றரை. நிரோஜினி செயலியை விட்டு வெளியே வந்து பெயர்களின் பட்டியலைத் திறந்தாள். நாற்பத்தொரு பேர். முதலில் பங்குச் சுவாமியின் பெயரை அழித்தாள். பிறகு நண்டு வாங்கும் செபமாலையண்ணை. தையல் வகுப்பு ரீச்சர். மானிப்பாயிலிருக்கும் சின்னம்மா. ஒவ்வொருவரையும் அழிக்கும்போது அவர்களைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிடுகிறவள்போல ஒரு நொடி நின்றாள். ஜெசிதாவின் பெயரை அழிக்கையில் பைப்படியில் வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது.

கடைசியில் ஜெரிசன் மட்டும் இருந்தான். கோயில் வாசலில் மாலையோடு நிற்கும் சின்னப் படம். நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் பெயரையும் அழித்தாள்.

பிறகு செயலிக்குத் திரும்பி, அனுமதியை அழுத்தினாள்.

ஒரு வட்டம் சுற்றியது. முகமில்லாத ஒரு சாம்பல் தலை தோன்றியது. அதன் கீழே, உங்களுக்குத் தெரிந்தவர்கள் எவரும் இங்கே இல்லை என்றிருந்தது. எண்ணைத் தந்து தேடும்படி ஒரு வெற்றுக் கட்டம்.

அவன் எண் அவளுக்கு மனப்பாடம்; ஆனால் இதையும் அவள் தன் கையாலேயே எழுத வேண்டும். செபம் சொல்வதுபோல வாய்க்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.