முப்பத்துமூன்று பேருக்கு ஒரு போன்

அடுத்தவர் சேர்த்த தகவலில் ஓட்டை தேடுவதுதான் லீமாவின் வேலை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக விருத்தாசலத்தில் வீட்டிலிருந்தே சம்பளத்துக்குச் செய்கிறாள். சண்முகப்ரியாவின் ஆய்வைச் சரிபார்க்க மட்டும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

இங்குள்ள பீங்கான் பட்டறைகளுக்கு வேறொரு கம்பெனி இலவச ஆரோக்கியச் செயலியைக் கொண்டுவந்தது. தொழிலாளிகள் தங்கள் நோயையும் போன் நம்பரையும் அதில் பதிந்தார்கள். கொஞ்ச நாளில் மருந்து விற்கிறவர்கள் நோயின் பேரைச் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தார்கள். சூளையில் முப்பது வருடம் வெந்த லீமாவின் அப்பா அமிர்தசாமிக்கும் போன் கால் வந்தது. "நுரையீரல் அரிச்சுப் போச்சு, பெரியவரே" என்று எவனோ பயமுறுத்தியதில் மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கம்பெனியின் மேல் லீமாவுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்படிக் கால் வந்த நாற்பத்தொரு பேரைச் சண்முகப்ரியா பட்டியல் போட்டிருந்தாள். பெண்ணாடத்துக்காரி, நுகர்வோர் அமைப்பில் ஆய்வாளர். வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விசாரணை அதிகாரி அதை ஏற்பார். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கையெழுத்துப் போடத்தான் லீமாவுக்கும் ஆசை. ஆசை இருக்கிற இடத்தில்தான் கண் மறைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தொழிலாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கப் பட்டியலில் நம்பர்களை மறைத்திருந்தார்கள். மூலப் படிவங்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முப்பத்துமூன்று படிவங்களில் ஒரே நம்பர்.

யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. களிமண் கையோடு யாரும் போனைத் தொட முடியாது. வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டும் காசியம்மாளின் கை மட்டும்தான் எந்நேரமும் காய்ந்திருக்கும். ஸ்கூலானாலும் ஆஸ்பத்திரியானாலும் மாமியாரானாலும் அவள் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே செயலியிலும் எல்லோரும் அதையே கொடுத்துவிட்டார்கள். கரும்பு வெட்டுகிற ஊரிலிருந்து வந்த சண்முகப்ரியாவுக்கு அது எப்படித் தெரியும்?

"முப்பத்துமூணு பேருன்னு எண்ணியிருக்கீங்க. அது ஒரே போனுங்க" என்றாள் லீமா.

சண்முகப்ரியாவின் முகம் செத்துவிட்டது. "ஆறு மாச வேலைங்க இது. நீங்க கம்பெனி பக்கமா, எங்க பக்கமா?"

"உங்க பக்கந்தான். அதான் நானே ஒடைக்கிறேன். அவங்க ஒடைச்சா ஒட்ட முடியாது."

மறுநாளே இருவரும் பட்டறைக்குப் போனார்கள். பதினோரு பேருக்கு வேறெங்கும் கொடுக்காத புது நம்பர் வாங்கினார்கள். ஆளுக்கொரு நோயைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். டாக்டரிடம் காட்டி, அந்த நோய் அவர்களுக்கு இல்லை என்று எழுதி வாங்கிய பிறகு செயலியில் பதிந்தார்கள். "இல்லாத நோயைச் சொன்னா வந்துருமாமே" என்று பயந்தவர்களை, "எனக்கு மாலைக்கண்ணு, தெரியுமில்ல?" என்று காசியம்மாள் சிரிக்க வைத்தாள்.

ஒரு வாரம் ஒரு போனும் அடிக்கவில்லை. எட்டாம் நாள் முதல் கால் வந்தது. பதினைந்து நாளில் ஏழு பேருக்கு வந்துவிட்டது, அத்தனையும் சீட்டில் வந்த நோயைச் சொல்லியே.

"நாப்பத்தொண்ணு போயி ஏழா?" என்றாள் சண்முகப்ரியா.

"ஏழைத் தொட முடியாதுங்க. இல்லாத நோயி அந்தச் செயலியில மட்டுந்தான இருக்கு."

பழைய பட்டியலில் மிஞ்சிய எட்டுப் பேரையும் நீக்கினார்கள்; அவர்களில் அப்பா அமிர்தசாமியின் வரியை லீமா தானே அடித்தாள். அவர் இருமல் ஊருக்கே தெரியும், சாட்சிக்கு ஆகாது. அடிக்கும்போது கண் கலங்கத்தான் செய்தது. அப்பாவிடம் சொன்னபோது, "அடிச்சிடு தாயி, ஆனா அவனுங்களை விட்ராத" என்றார். கையெழுத்துப் போட்டாள்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் எங்கிருந்தோ கிடைத்த பழைய பிரதியை உயர்த்திக் காட்டினார். "முப்பத்துமூன்று பேருக்கு ஒரே நம்பர்! சரிபார்த்தவரின் அப்பாவே பட்டியலில் இருக்கிறார்! இதெல்லாம் ஆய்வா?"

லீமா எழுந்தாள். "அந்த ரெண்டு தப்பையும் முதல் பக்கத்துலயே நாங்களே எழுதியிருக்கோங்க. ரெண்டாம் பக்கத்தைப் பாருங்க."

அதிகாரி பக்கத்தைத் திருப்பி உரக்கப் படித்தார். "காசியம்மாள். இல்லாத நோய், மாலைக்கண். பத்தாம் நாள், மாலைக்கண் மருந்து விற்க அழைப்பு." நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையிலிருந்த பிரதியில் இரண்டாம் பக்கத்தைத் தேடினார். அதில் அந்தப் பக்கம் இல்லை.

பின்வரிசையிலிருந்து காசியம்மாள் எழுந்தாள். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க ஐயா. வக்கீலு முழிக்கிறது இங்கேருந்தே தெரியுது."