இரைகிற பெட்டி

“சத்தமே வராது சார்” என்று கடைக்காரர் அந்த அலுமினியப் பெட்டியைத் தடவிக்கொடுத்தபோது லிஃப்ட் மெக்கானிக்கின் முகம் விழுந்துவிட்டது. கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வருகிறவனெல்லாம் இரைச்சல் இல்லாத பெட்டி கொடு என்று உயிரை வாங்குகிறான், இந்த ஆள் என்னடாவென்றால் கசப்பு மருந்து குடித்தவர் மாதிரி நிற்கிறார்!

டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர். யோசனை மகளுடையது. வேறு ஊரில் வேலையில் இருக்கிறவள், “சும்மா செவுத்தையே பாத்துட்டு உக்காராதீங்கப்பா, நாலு படம் பாருங்க” என்று பிடிவாதமாக நின்று, சூடேறாத ப்ராசசர், ஃபேனே இல்லாத கேஸ் என்று தேர்ந்தெடுத்தும் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மேஜை ஓரத்தில் வேறொரு குட்டிப் பெட்டி ம்ம்ம் என்று விடாமல் முனகிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து காதை வைத்தார்.

“அத விடுங்க சார். பெரிய ப்ராசசர இத்துனூண்டு கேஸ்ல அடைச்சு வெச்சிருக்கு. சும்மா இருந்தாலே ஃபேன் கத்தும். படம் பாக்க சரிப்படாது.”

“நிக்காதுல்ல?”

“நிக்கவே நிக்காது. பெரிய தலைவலி.”

“இதையே குடுங்க.”

மனைவி படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு வருஷமும் ஹாலில் ஆக்சிஜன் மெஷின் இப்படித்தான் இரைந்துகொண்டே இருந்தது. அதை எவ்வளவு திட்டியிருப்பார்! மகள் போன் செய்யும்போதெல்லாம், “அத கொஞ்சம் தள்ளி வைங்கப்பா, அம்மா குரலே கேக்கல” என்று கத்துவாள். மனைவி போனதும், வாடகைக்கு விட்டவர்கள் வந்து மெஷினை எடுத்துப்போய்விட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் இறங்கிய அமைதி இருக்கிறதே, அதை அவரால் தாங்க முடியவில்லை. வேலையிடத்தில் பரவாயில்லை, ஏதாவது ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்தால்தான் திண்டாட்டம். அவருக்குப் படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இதை மகளிடம் சொன்னால் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அடுத்த வண்டியிலேயே கிளம்பி வந்து நிற்பாள்.

சாயங்காலம் பெட்டியை மாட்டி ஓடவிட்டார். டிவியைப் போடவில்லை. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியபோது போன் அடித்தது.

“வாங்கிட்டீங்களாப்பா? நான் சொன்னதுதானே?”

“ஆமாம்மா, அதேதான்.” வாய் கூசாமல் புளுகினார்.

“அப்பா… அங்க என்ன சத்தம்?”

“அது ஃபேன்மா. தெரியாம வாங்கிட்டேன். நாளைக்கே மாத்திடறேன், நீ கோவிச்சுக்காத.”

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார்.

“மாத்தாதீங்கப்பா.” குரல் உடைந்திருந்தது. “போனை அது பக்கத்துல வைங்க. கொஞ்ச நேரம்.”

போனைப் பெட்டியின் மேல் வைத்தார். அது லேசாக அதிர்ந்தது. நழுவி விழுந்துவிடாமல் ஒரு விரலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.